முக்கால் கட்டை மேலே

ஸ்ஃபாக்ஸ்
பிப்ரவரி 12

அக்காவுக்கு,

இது சமாதானக் கடிதம் அல்ல. பார்சலோடு வரும் செய்முறைக் குறிப்பு. போனிலேயே சொல்லிவிடலாமே என்று அம்மா கேட்டாள். கடைசியாக நாம் போனில் பேசியபோது அவளே உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்ததை மறந்துவிட்டாள். எழுத்தில் ஒரு வசதி உண்டு. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேச முடியாது. நம் குடும்பத்தில் இதுவரை யாரும் முயன்று பார்க்காத முறை இது.

போன ஜூலை விழாவில் நடந்ததை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். கானூன் நரம்புகளை மீட்டும் ஷாதுலிக்குப் பதினொரு வருடத்துக்கு முன் தோஹாவில் வேலை கிடைத்தபோது, தன் வாசிப்பு முழுவதையும் பதிந்து உங்கள் மாலூஃப் பாட்டுச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தப் பதிவை ஒலிக்கச் செய்யத்தான் உள்ளங்கையளவுக் கணினி ஒன்றின் தலையில் ஒரு சவுண்ட் போர்டைப் பொருத்தி, பெட்டியில் அடைத்து நான் கொடுத்தேன். போர்டைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிவிட்டதால் அதைக் கணினிக்குப் புரியவைக்கும் டிரைவர் நிரலை நானே எழுதினேன். பெட்டி ஒரு குறையும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. விழா அன்று காலை, 'புதுப்பிக்கவா?' என்று கணினி கேட்டது. நீ 'சரி' என்றாய். புதிதாக வந்த மென்பொருளுக்கு என் டிரைவர் யாரென்றே தெரியவில்லை. மாலையில் ஊர் முழுவதும் பார்க்க, உங்கள் சங்கம் வாயைத் திறந்தபடியும் நான் கையில் ஒயரோடும் மேடையில் நின்றோம்.

"தொடாதேன்னு நீ சொல்லல" என்பது உன் வாதம். மின்கம்பத்தைத் தொடாதே என்றும் உன்னிடம் யாரும் தனியாகச் சொன்னதில்லை. இதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

இப்போது வேலை. புது போர்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். இதற்கான டிரைவர் கணினிக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை முறை புதுப்பித்தாலும் ஓடிப்போகாது. தூனிஸில் கடைக்காரன் அதை லூவாஜ் ஷேர் டாக்ஸி ஓட்டும் ரம்ஸியிடம் கொடுத்துவிடுவான், ரம்ஸி இந்தக் கடிதத்தோடு சேர்த்து உன்னிடம் தருவான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, போர்டைக் கணினியின் ஊசிகள் எல்லாவற்றிலும் ஒரே சீராக உட்கார வை. அமைப்புக் கோப்பைத் திற. கணினியின் சொந்த ஒலியை மௌனமாக்கும் வரி ஒன்று, புது டிரைவரின் பெயர் சொல்லும் வரி ஒன்று. இரண்டையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அப்படியே பார்த்து எழுது. திரும்ப இயக்கு. வேறு எதையும் தொடாதே. இம்முறை சொல்லிவிட்டேன்.

ஜுஹைர்


டெஸ்தூர்
பிப்ரவரி 26

ஸ்ஃபாக்ஸ் வாழ் நிபுணருக்கு,

ஸ்ஃபாக்ஸ்காரியைக் கட்டிக்கொண்டு நீயும் முழு ஸ்ஃபாக்ஸ்காரனாகிவிட்டாய். இரண்டு பக்கம் எழுதியும் 'நலமா' என்ற ஒரு சொல்லுக்கு மை செலவழிக்கவில்லை. நான் நலம். அம்மா நலம். பாலாடைக்கட்டி அனுப்பியிருக்கிறேன். அதைத் தின்பதற்குச் செய்முறைக் குறிப்பு தேவையில்லை.

நீ சொன்னபடியே செய்தேன். ஊசிகள் உட்கார்ந்தன. இரண்டு வரிகளையும் புள்ளி தவறாமல் எழுதினேன். இயக்கினேன். ஒலிக் கருவிகளின் பட்டியலைக் கேட்டால், தன்னிடம் அப்படி ஒன்றுமே இல்லை என்றது கணினி. நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் அதே பணிவோடு அதே பதில். இத்தனை பணிவாகப் பொய் சொல்லும் பிள்ளைகளை எட்டாம் வகுப்பில் தினமும் பார்க்கிறேன், அதனால் கோபம் வரவில்லை.

பிறகுதான் போர்டின் மேல் அச்சடித்திருந்த பெயரைப் படித்தேன். உன் தாளில் இருந்த பெயர் அது இல்லை. கடைக்காரன் அதன் பெரியப்பா மகனை மாற்றி அனுப்பியிருக்கிறான். கணினிக்குள் டிரைவர்கள் எல்லோரும் வருகைப் பதிவேட்டில் இருப்பதுபோல் வரிசையாக இருந்தார்கள். அதில் இந்தப் பெயருக்கு மிக நெருக்கமாக ஒன்று இருந்தது; கடைசி எழுத்து மட்டும் வேறு. அதை எழுதினேன். இயக்கினேன். ஷாதுலி வாசித்தான். கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்தான். ஆனால் உன் பதில் வர இரண்டு வாரம் ஆகும். அது முழுவதும் ஊசிகளைப் பற்றி இருக்கும்.

இனி நான் சொல்ல வந்தது. பதினொரு வருடமாகச் சங்கத்தில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறேன். பெண்களுக்கு அந்தச் சுருதியில் அடியிலுள்ள வரிகள் வருவதில்லை. கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் மொண்டு வருவதுபோல் ஒவ்வொரு தடவையும் இறங்கிப்போய், பாதியில் வாயை மட்டும் அசைப்போம். முன்னெடுத்துப் பாடுவது எப்போதும் கசாப்புக்கடை ஹம்மாதி. எனக்கு அந்த இடத்தின் மேல் ஆசை உண்டு என்பது ஊரில் எங்கள் சங்கத் தலைவர் ஷேக் மெக்கீக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

வியாழக்கிழமை இரண்டாம் வரியின் உச்சியில் ஹம்மாதியின் குரல் உடைந்தது. இருமினார். மறுபடி எடுத்தார், மறுபடி உடைந்தது. ஷேக் மெக்கீ கண்ணை மூடிக்கொண்டே, "ரவ்தா, நீ எடு" என்றார். எடுத்தேன். கிணறே இல்லை, தம்பி. தரையிலேயே தண்ணீர் நின்றது. முடித்ததும் ஷேக், "நாளைக்கும் இவளே எடுக்கட்டும்" என்றார்.

நல்ல போர்டு. எல்லோரிடமும் ஒரு உற்சாகம் தெரிகிறது.

ரவ்தா


ஸ்ஃபாக்ஸ்
மார்ச் 9

அக்காவுக்கு,

பாலாடைக்கட்டி வந்தது. நன்றாக இருந்தது. நலமா?

உற்சாகம் என்பது சவுண்ட் போர்டில் வருவதில்லை. அதன் விவரத்தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. பதினொரு வருடமாக வராத குரல் ஒரு வியாழக்கிழமை வந்ததென்றால் நான் முதலில் உன்னை வாழ்த்த வேண்டும், பிறகு சந்தேகப்பட வேண்டும். வாழ்த்துகள்.

ஷாதுலியின் முன்னுரை வாசிப்பு ஒன்று இருக்கிறது; சரியாகப் பத்து நிமிடம். அதை ஓடவிட்டு நேரம் பார். உன் ஊர் மசூதிக் கோபுரக் கடிகாரத்தை வைத்துப் பார்க்காதே. அது பின்னோக்கி ஓடுகிறது. நீ எழுதிய டிரைவர் பெயரையும், போர்டின் மேல் இருக்கும் பெயரையும் எழுத்து எழுத்தாக எனக்கு எழுது.

ஜுஹைர்


டெஸ்தூர்
ஏப்ரல் 27

அன்புள்ள ஜுஹைர்,

பெருநாள் வாழ்த்துகள். பதில் தாமதமானதற்கு நோன்பைக் காரணம் சொல்லலாம். சொல்லவில்லை. நேரம் பார்த்தேன். அதனால்தான் எழுதவில்லை.

ஒன்பது நிமிடம், பதினொரு விநாடி.

பெயர்கள் தனித்தாளில் இருக்கின்றன. நீ பார்த்தவுடன் தலையில் கை வைத்துக்கொள்வாய் என்று தெரியும். அதற்குமுன் இங்கே நடந்திருப்பதைக் கேள்.

சுருதி ஏறியிருப்பது சங்கத்தில் எல்லோருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது. பெட்டியில் கோளாறு என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஷேக் ஏதோ பழைய முறைக்குத் திரும்புகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். பிழையாக இருந்தால் அபஸ்வரமாக இருக்குமே. இது கச்சிதமாக அடுத்த படியில் போய் நிற்கிறதே என்பது வாதம். இரண்டாம் வாரம் ஒருவர், "இதுதான் நம்ம ஊர்ப் பழைய சுருதி" என்றார். மூன்றாம் வாரம் அதற்குச் சாட்சிகள் வந்துவிட்டார்கள். முதல் சாட்சி ஹம்மாதி. தன் குரல் எந்த உயரத்தில் உடைந்ததோ அந்த உயரத்துக்கே அவர் காவலர் ஆகிவிட்டார்.

தூனிஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மூன்று நாள் தங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"உங்க தாத்தா இந்த உயரத்துலதான் பாடினார்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"அவரு எங்க வாசல்ல பாடினா ஆத்துக்கு அந்தாண்ட கேக்கும் சார். கீழ பாடினா கேக்குமா?" என்றார் ஹம்மாதி.

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

"நான் பொறக்குறதுக்கு முன்னாடியே போய்ட்டாரு. ஆனா ஆறு அங்கேயேதானே இருக்கு?"

பேராசிரியர் ஆற்றைக் குறித்துக்கொண்டார். ஸ்பெயினின் அந்தலூசியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த நம் முன்னோர் கொண்டுவந்த உயரம் இது, மற்ற ஊர்களில் எல்லாம் இறங்கிவிட்டது, டெஸ்தூரில் மட்டும் தங்கிவிட்டது என்று ஒரு கட்டுரை எழுதப்போகிறார். நான் எட்டாம் வகுப்புக்கு வருடாவருடம் அந்தத் துரத்தலைப் பாடம் நடத்துகிறவள். முன்னூறு பக்கப் புத்தகங்களில் நான் தேடிய வரலாறு, ஒரு வரியில் கடைசி எழுத்தை மாற்றியதும் கூடத்துக்கே வந்து காப்பி குடித்தது.

என்னைப் பற்றி: ஜூலை விழாவில் முன்னெடுப்பது நான். ஷேக் சொல்லிவிட்டார். ஹம்மாதியும் பெருந்தன்மையாக, "கடையில ஐஸ்பெட்டிக் காத்து தொண்டையைக் கெடுத்துடுச்சு, இல்லேன்னா நானே பாடுவேன். இந்த வருசம் டீச்சர் பாடட்டும்" என்றார்.

எனவே தம்பி, எதையும் சரி செய்யாதே.

ரவ்தா


ஸ்ஃபாக்ஸ்
மே 6

அக்காவுக்கு,

தலையில் கை வைத்துக்கொண்டேன்.

நடந்தது இது. போர்டின் மேல் நகக்கண் அளவில் ஓர் உலோகச் சிமிழ் இருக்கும். அதற்குள் ஒரு பளிங்குத் துண்டு துடிக்கிறது. அந்தத் துடிப்பைக் கணக்கு வைத்துத்தான் பாட்டு இவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று முடிவாகிறது. பளிங்கு எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்வது டிரைவரின் வேலை. நீ போட்ட டிரைவர், மெதுவாகத் துடிக்கும் பளிங்குள்ள போர்டுக்காக எழுதியது. உன் போர்டில் இருப்பது வேகமான பளிங்கு. கணினிக்கு அது தெரியாது. நூறு அடி நடப்பதாக நினைத்துக்கொண்டு நூற்றொன்பது அடி போகிறது. பாட்டு வேகமாகிறது, சுருதியும் கூடவே ஏறுகிறது, ஏறக்குறைய முக்கால் கட்டை.

இதில் துரதிர்ஷ்டம் அந்த முக்கால்தான். ஐரோப்பியர்களின் பியானோவில் அப்படி ஓர் இடமே கிடையாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கும். அங்கே நடந்திருந்தால் அன்றைக்கே யாராவது காதைப் பொத்திக்கொண்டு ஆள் அனுப்பியிருப்பார்கள். நம் பாட்டில் முக்கால் கட்டைக்கு ஒரு வீடும் வாசலும் பெயரும் இருக்கின்றன. பிழை நேராகப் போய் அந்த வாசலில் நின்றது. உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்துவிட்டீர்கள்.

அக்கா, நான் ஸ்ஃபாக்ஸில் பதினெட்டு இடங்களில் இந்த மாதிரிப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். பள்ளிவாசல், பல் டாக்டர், மீன் ஏலக்கூடம். எங்கேயும் எதுவும் தவறாக ஓடவில்லை. என் சொந்த ஊரில் என் பெயர் எழுதிய பெட்டி மட்டும் பொய் சொல்வதை வைத்து ஒரு பேராசிரியர் கட்டுரை எழுதப்போகிறார். என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அன்று நீ பிள்ளைகளை டூக்கா இடிபாடுகளுக்கு அழைத்துப் போவதாக அம்மா சொன்னாள். நல்லது. நேரில் பார்த்தால் நீ குறுக்கே பேசுவாய்.

ஜுஹைர்


டெஸ்தூர்
மே 20

ஜுஹைர்,

வந்தாய், சரி செய்தாய், அம்மா கையால் கூஸ்கூஸ் தின்றாய், போய்விட்டாய். தட்டைக் கழுவி வைத்ததாக அம்மா பெருமையாகச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி. பெட்டியை இயக்கினேன். நீ சொன்ன சரியான டிரைவர், சரியான வேகம், சரியான சுருதி. ஷாதுலி நான்கு மீட்டு மீட்டுவதற்குள் ஒருவர், "என்ன, கானூனுக்குக் காய்ச்சலா?" என்றார்.

"கரண்ட் கம்மியா வருதுபோல" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"யாரு தொட்டா இதை?" என்றார் ஹம்மாதி.

"என் தம்பி வந்து சரி பண்ணினான்."

"சரியா இருந்ததை எதுக்கு சரி பண்ணினான்?"

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போர்டு மாறி வந்தது, நான் எழுதிய வரி, பளிங்கு, நூற்றொன்பது அடி. வகுப்பில் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னேன். மூன்று மாதம் நாம் பாடியது என்னுடைய பிழையை என்றும் சொன்னேன். எல்லோரும் மரியாதையோடு கேட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை.

"டீச்சர், ஒரு கல்லு சொல்றதை நம்புறீங்க. எங்க தாத்தா சொல்றதை நம்ப மாட்டேங்கிறீங்க" என்றார் ஹம்மாதி.

"உங்க தாத்தா என்ன சொன்னார்?"

"அவரு எதுக்குச் சொல்லணும்? பாடினாரு."

ஷேக் மெக்கீ கையை உயர்த்தினார். "ரவ்தா, இதுல பாடு." பாடினேன். மூன்றாம் வரியில் கிணறு திறந்தது. உள்ளே போனேன், வெளியே ஒன்றும் வரவில்லை. "ஹம்மாதி, நீ பாடு." அவர் பாடினார். நன்றாகப் பாடினார், ஜுஹைர். எங்கும் உடையவில்லை. எல்லோரும் கேட்டோம், அவரும் கேட்டார். முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு பேராசிரியர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். "இவ்வளவு கீழ எங்க வம்சத்துல யாரும் பாடினதில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இப்போது உயரத்தில் பாடக்கூடியவளுக்குச் சுருதி இல்லை. தாழ்வில் பாடக்கூடியவருக்குக் கௌரவம் இல்லை. விழாவுக்கு யார் என்று ஜூனில் சொல்கிறேன் என்று ஷேக் எழுந்து போய்விட்டார்.

பழைய வரியைத் திரும்ப எழுத எனக்கு இரண்டு நிமிடம் போதும். நேற்று கோப்பைத் திறந்தேன். கோடு அந்த இடத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மூடிவிட்டேன். தெரிந்தும் தெரியாமலும் பாடிய மூன்று மாதத்தை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. எல்லோர் முன்னும் சொன்ன பிறகு ஒரு நாள்கூட என்னால் முடியாதுபோல் இருக்கிறது. இது நேர்மை என்று நீ நினைத்துக்கொள்ளாதே, எரிச்சலாக இருக்கிறது.

நான் என்ன செய்யட்டும்? நிபுணராக ஏற்கெனவே சொல்லிவிட்டாய். தம்பியாகச் சொல்.

ரவ்தா


ஸ்ஃபாக்ஸ்
ஜூன் 1

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பிறகு தோஹாவுக்குப் போன் செய்தேன்.

ஷாதுலியிடம் கேட்டது ஒரே கேள்வி. "பதிவு பண்ணினப்போ கானூனை ஏன் அந்த உயரத்துல கட்டினே?"

"அதா?" என்றான். "அன்னைக்கு ஹம்மாதிக்கு ஜலதோஷம்டா. மூக்கடைச்சுக்கிட்டு மேல போகவே முடியல. சரின்னு அவருக்காக இறக்கிக் கட்டினேன். அப்புறமா ஏத்தி இன்னொரு தடவை பதியலாம்னு இருந்தேன். அதுக்குள்ள விசா வந்துருச்சு."

அதாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வண்டியில் போய்வந்து, துளியும் பிசகாமல், ஒரு கசாப்புக்காரரின் மூக்கடைப்பை மீட்டுக்கொடுத்திருக்கிறேன்.

நான் சரி என்று நினைத்திருந்தது பெட்டி மட்டும்தான். அது இப்போதும் சரி. தவறான டிரைவரைத் திரும்பப் போட மாட்டேன். அதை நீயும் கேட்கவில்லை. ஆனால் சுருதி பெட்டிக்குள் பிறந்தது அல்ல. அதை யாரோ ஒருவர் தன் தொண்டைக்குத் தக்கபடி வைத்திருக்கிறார். இன்னொருவர் தன் தொண்டைக்குத் தக்கபடி வைத்தால் எந்த விவரத்தாளும் மறுக்க முடியாது.

இத்துடன் ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். ஷாதுலியின் வாசிப்பு முழுவதும் முக்கால் கட்டை ஏற்றியது. வேகத்தில் கை வைக்கவில்லை. பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருக்கும். எல்லாவற்றையும் முடிக்க ஒரு வாரம் ஆனது. என் மனைவி தினமும் காலையில் காப்பியோடு ஹம்மாதி ஐயாவின் உடல்நலத்தை விசாரிக்கிறாள். டிரைவர் சரியானது, பளிங்கு சரியானது, உயரம் நீ விரும்பியது. முன்பு நடந்தது பிழை, இது விருப்பம். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. உனக்கும் எனக்கும் தெரியும்.

பழைய கார்டை எடுத்துவிட்டு இதைப் போடு. புதுப்பிக்கவா என்று கேட்டால், சரி என்று சொல். ஒன்றும் ஆகாது.

உன் தம்பி
ஜுஹைர்


டெஸ்தூர்
ஜூலை 2

அன்புள்ள தம்பி,

கார்டு வேலை செய்கிறது. முதல் மீட்டலிலேயே எல்லோரும், "பாரு, காய்ச்சல் விட்டுடுச்சு" என்றார்கள். கொஞ்சம் நிதானமாக இருப்பதைக் கவனித்தவர் ஷேக் ஒருவர்தான். "இப்போ மூச்சு விட இடம் இருக்கு" என்றார். மறுநாளே விழாவுக்கு முன்னெடுப்பது நான் என்று அறிவித்தார். உன் கார்டுக்குக் கடிதத்தில் நன்றி சொன்னால் போதாது. ஆனால் கடிதம்தான் இருக்கிறது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது மகிழ்ச்சியான கடிதம். ஷாதுலி விடுமுறையில் வந்துவிட்டான். விழாவில் தானே வாசிப்பானாம். ஊரே தோளில் தூக்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடம் பெட்டியாக இருந்தவன் ஆளாக வந்தால் யார்தான் மகிழ மாட்டார்கள்? நானும்தான் மகிழ்ந்தேன், ஒரு மணி நேரம்.

கானூனை அவன் பதிவு நாளில் இறக்கிய உயரத்திலேயே இன்னும் கட்டி வைத்திருக்கிறான். ஏற்றச் சொன்னால், எழுபதுக்கும் மேற்பட்ட நரம்பு, ஜூலை வெயில், பாதி அறுந்துவிடும் என்கிறான். "பெட்டியைப் பாத்து வாசின்னு என்கிட்டயே சொல்றீங்களா? பெட்டிக்குள்ள இருக்கிறது யாரு? நான்தானே!" என்று கேட்டான். முன்னுரையை அவன் அங்கிருந்து வாசித்தால் பாட்டும் அங்கிருந்துதான். அங்கே எனக்குக் குரல் இல்லை. ஹம்மாதி இப்போதே தேன் குடித்துக்கொண்டிருக்கிறார். வம்ச கௌரவத்துக்கு என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டேன். "ஷாதுலிக்கு மரியாதை குடுக்கணும்ல டீச்சர்" என்றார்.

ஷேக்கிடம் போய் நின்றேன். "மேடையில பாத்துக்கலாம்" என்றார். நம் சங்கத்தில் கெட்டது எல்லாம் இந்தச் சொல்லில்தான் தொடங்கும்.

நீ விழாவுக்கு வராதே. பெட்டிக்கு வேலை இல்லை. நான் மறுபடி இரண்டாம் வரிசையில் வாயசைப்பதை நீ பார்க்க வேண்டாம்.

ரவ்தா


ஸ்ஃபாக்ஸ்
ஜூலை 16

அன்புள்ள அக்கா,

வராதே என்று எழுதியிருந்தாய். வந்தேன். கடைசி வரிசைக்கு முன் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். முடிந்தவுடன் உன்னைச் சுற்றி அவ்வளவு கூட்டம். கடைசி லூவாஜும் கிளம்பிக்கொண்டிருந்தது. மேடையில் இருந்த உனக்குக் கீழே நடந்தது தெரிந்திருக்காது. அதை எழுதுகிறேன்.

என் பின்னால் இரண்டு பேர்.

"பெட்டி எங்கடா?"

"இன்னைக்குப் பெட்டி இல்ல, ஆளே வந்துட்டான்."

"அப்ப டீச்சர்?"

"டீச்சர் அவ்வளவுதான். ஹம்மாதிதான். காலையிலேர்ந்து தேன் குடிக்கிறாரு, தேனீயே பின்னாடி வருது."

நீங்கள் உட்கார்ந்தீர்கள். ஷாதுலி கானூனை மடியில் வைத்து, விரல்களில் மீட்டு வளையங்களை மாட்டிக்கொண்டு, ஷேக் மெக்கீயைப் பார்த்தான். ஷேக் தலையாட்டவில்லை. தண்ணீர் குடித்தார். நிதானமாகக் குடித்தார். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. அது உனக்காகக் குடித்த தண்ணீர் என்று எனக்குத் தோன்றுகிறது, நிரூபிக்க முடியாது. அப்போது நீ எழுந்து நின்றாய்.

கானூன் இல்லை, தாளம் இல்லை, உன் உயரத்தில் நீயே எடுத்தாய். முன்னுரை வாசித்து முடியாமல் யாரும் பாட்டெடுத்து நம் ஊரில் பார்த்ததில்லை. என் பக்கத்தில் ஓர் அம்மாள் வெகு நேரமாகச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். முதல் வரியில் கொறிப்பது நின்றது. மூன்றாம் வரி, அந்தக் கிணற்று வரி, அதில் நீ இறங்கினாய். என் கை தானாக நாற்காலியைப் பிடித்தது. நீ இறங்கி, அங்கேயே நின்று, சாவகாசமாக மேலே வந்தாய்.

சுருதி அளக்கும் செயலி என் போனில் இருக்கிறது. போன் பையிலேயே இருந்தது.

ஷாதுலி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். குனிந்து, நரம்புகளுக்கு அடியிலிருந்து சுருதியைச் சற்று ஏற்றும் உலோக நாக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி நிமிர்த்தினான். ஒரு நரம்பைத் தொட்டான், தவறு. இன்னொன்று, தவறு. இரண்டு வரி அப்படியே போயிற்று. பிறகு கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததும் சிரித்துவிட்டான். வாசித்துக்கொண்டே சிரித்தான். இத்தனை வருடப் பதிவில் அப்படி ஒரு வாசிப்பு இல்லை. எனக்கு ஒவ்வொரு மீட்டும் தெரியும்.

பின்னால் இருந்தவர்கள் திரும்பப் பேசத் தொடங்கினார்கள்.

"கருவியே இல்லாம எடுத்துட்டாங்களே?"

"இதுதான்டா பழைய முறை. ஹம்மாதியோட தாத்தா இப்படித்தான் எடுப்பாராம்."

"யாரு சொன்னா?"

"நாளைக்கு அவரே சொல்லுவாரு பாரு."

கைதட்டல் ஓய்ந்தபோது விதை கொறித்த அம்மாள் என் பக்கம் திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க போன வருசம் மேடையில ஒயரோட நின்னவருதானே? பெட்டிக்காரரு?"

"இல்லம்மா" என்றேன். "பாடினவங்களோட தம்பி."

அவள் விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.

ஜுஹைர்